எழுதாமல் விட்ட செவி
(‘குவைடான்’ திரைப்படம் குறித்து ஒரு பார்வையாளர் கருத்து)



மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியம், அவற்றுள் ஒன்றாகிய அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் எவர்க்கும் எளிதில் விளங்குவன. பேயும் புலியும் திருடனும் அச்சம் தருதல் இயல்பே. ஆனால் காக்கும் கடமை பூண்ட தலைவனையும் அதே வரிசையில் நிறுத்தியிருப்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது. அணங்கு வரிசையின் தலையிலும் இறை அதன் கடையிலும் நிற்க, அச்சம் என்னும் ஒரே கயிறு இரண்டையும் பிணைத்து நிற்கிறது.

பத்தாண்டு நிறைவுறும் ஓர் இலக்கிய அமைப்பின் விழாவில் பேய்ப்படம் ஒன்றைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா என்னும் ஐயம் எழக்கூடும். ‘குவைடான்’ என்னும் ஜப்பானியத் திரைப்படத்தைப் பொறுத்தவரை அவ்வையத்திற்கு இடமில்லை. அது பேய்களைப் பற்றிய படமாகத் தொடங்கிப் பாடுவோனையும் எழுதுவோனையும் பற்றிய படமாக முடிகிறது. அணங்கு தரும் அச்சத்தைக் காண வந்த பார்வையாளருக்கு, இறை தரும் அச்சத்தைக் காட்டி அனுப்புகிறது.

படமும் அதன் மூலமும்

மசாகி கோபயாஷி இயக்கிய இப்படம் 1964இல் உருவானது. 1965இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. முழு வடிவில் 183 நிமிடங்கள் ஓடக்கூடியது. ‘கருங்கூந்தல்’, ‘பனிமகள்’, ‘செவியிழந்த ஹோய்ச்சி’, ‘ஒரு கிண்ணத் தேநீரில்’ என நான்கு தனிக்கதைகளைக் கொண்டது. திரைக்கதையை அமைத்தவர் யோகோ மிசுகி என்னும் பெண் எழுத்தாளர். இசையமைத்தவர் தோரு தகேமிட்சு.

‘குவைடான்’ என்பதற்கு விந்தைக் கதைகள் என்று பொருள் கொள்ளலாம். இக்கதைகளை ஆங்கிலத்தில் எழுதியவர் லாஃப்கேடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் 1850இல் பிறந்தவர். தாய் கிரேக்கர், தந்தை அயர்லாந்துக்காரர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அமெரிக்காவில் இதழாளராக வாழ்ந்து, 1890இல் ஜப்பான் சென்று, கொய்சுமி செட்சு என்னும் சாமுராய் குடிப்பெண்ணை மணந்து, கொய்சுமி யாகுமோ என்னும் பெயருடன் அந்நாட்டுக் குடிமகனானவர். ‘குவைடான்’ என்னும் நூல் வெளிவந்த 1904ஆம் ஆண்டிலேயே மறைந்தார். படத்தின் நான்கு கதைகளுள் பனிமகளும் ஹோய்ச்சியும் அந்நூலைச் சேர்ந்தவை. ஏனைய இரண்டும் அவருடைய வேறு தொகுதிகளிலிருந்து எடுக்கப்பெற்றவை.

இங்கே ஒன்று நினைக்கத்தக்கது. ஹெர்ன் ஜப்பானிய நூல்களைத் தாமே எளிதாகப் படிக்கும் ஆற்றல் பெற்றவரல்லர். பழங்கதைகளைத் தேடிப் படித்து அவருக்குச் சொன்னவர் செட்சு. நூலைப் பார்த்துப் படிக்க வேண்டா, உன் சொல்லில், உன் எண்ணமாகச் சொல் என்று கணவர் வற்புறுத்தியதைச் செட்சு தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். ஆக, இப்படத்தின் வேர் ஒரு பெண்ணின் வாய்மொழியில் இருக்கிறது. நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. இரவு விளக்கொளியில் ஒருத்தி கதை சொல்ல, ஒருவர் செவிசாய்த்த அந்தக் காட்சியே இப்படத்தின் எழுதப்படாத முதற்காட்சி எனலாம்.

பார்வையாளரின் முதற் குறை

‘குவைடான்’ படத்தை முதன்முறை காணும் பார்வையாளர் பெரும்பாலும் இரண்டு குறைகளைக் கூறுவர். ஒன்று, படம் மிக மெதுவாக நகர்கிறது என்பது. மற்றொன்று, எல்லாம் செயற்கையாக இருக்கிறது, அச்சமே வரவில்லை என்பது. இவ்விரண்டையும் அலட்சியமாகத் தள்ளிவிடுதல் முறையன்று.

செயற்கை என்பது உண்மையே. பயன்பாடற்றுக் கிடந்த விமானக் கொட்டகை ஒன்றினுள் காடும் பனிவெளியும் கல்லறையும் அமைத்து, வானத்தைத் திரைச்சீலையில் தீட்டி எடுத்த படம் இது. பனிமகள் கதையில் வானில் மாபெரும் கண்கள் விழித்துப் பார்க்கின்றன. அந்திச் செம்மை, இயற்கையில் எங்கும் காணவொண்ணாத செம்மையாகப் பரந்து கிடக்கிறது. கோபயாஷி எடுத்த முதல் வண்ணப்படம் இதுவே. ஆயினும் வண்ணம் கிடைத்ததென்று உலகை உள்ளபடி காட்ட அவர் முயலவில்லை. அகப்பாடலில் நிலமும் பொழுதும் எவ்வாறு உள்ளத்தின் நிலையைச் சொல்ல வருகின்றனவோ, அவ்வாறே இங்கு வானமும் வண்ணமும் வருகின்றன. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்காக நிற்கும் மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று.

மெதுவான நடைக்கும் காரணம் உண்டு. அதனை விளக்குவது தகேமிட்சுவின் இசை. இசை என்பதைவிட ஒலி எனல் பொருந்தும். கருங்கூந்தல் கதையின் இறுதியில் கணவன் பாழ்வீட்டில் தடுமாறி ஓடுகிறான். அவன் காலடி ஓசை கேட்பதில்லை. மாறாக, மரம் பிளக்கும் ஓசை கேட்கிறது. அதுவும் காட்சியோடு இயையாமல், சற்று முந்தியோ பிந்தியோ கேட்கிறது. இடையிடையே முற்றிய அமைதி. கண் ஒன்றைக் காண, செவி வேறொன்றைக் கேட்கிறது. இப்படம் கண்ணால் அஞ்சுவதற்கன்று, செவியால் அஞ்சுவதற்கு எடுக்கப்பட்டது. செவி காத்திருந்து கேட்பது. காத்திருப்பவருக்குக் காலம் மெதுவாகவே செல்லும்.

நான்கு கதைகள், ஒரே பொருள்

தனித்தனியாகத் தோன்றும் நான்கு கதைகளையும் இணைத்து நோக்கின், அவை நான்கும் சொல்லைப் பற்றியவை என்பது புலப்படும்.

கருங்கூந்தல், உறவுச் சொல் பிழைத்த கதை. கியோட்டோவில் வறுமையுற்ற சாமுராய் ஒருவன், நெய்து பிழைக்கும் மனைவியைக் கைவிட்டுப் பதவிக்காகச் செல்வக் குடிப்பெண்ணை மணந்து தொலைநாடு செல்கிறான். ஆண்டுகள் கழிந்து மனம் நொந்து திரும்புகிறான். வீடு பாழ், ஆனால் உள்ளே விளக்கெரிகிறது. மனைவி அதே இளமையோடு இருக்கிறாள். ஒரு கடுஞ்சொல்லும் கூறாது ஏற்றுக்கொள்கிறாள். விடிந்தபின் அவனருகில் கிடப்பது எலும்பும் கூந்தலுமே. ஹெர்னின் கதை ஏறத்தாழ இந்த அளவில் நின்றுவிடும். கோபயாஷியோ கணவனைக் கண்முன்னே முதுமையுறச் செய்து, கூந்தலைத் துரத்தவும் விடுகிறார். உயிரோடிருந்தபோது மன்னிப்பைத் தவிர வேறு சொல் வழங்கப்படாத பெண் அவள். அவளுக்குப் பேச்சாக எஞ்சியது அந்த அச்சம் ஒன்றுதான்.

பனிமகள், காக்க வேண்டிய சொல்லைக் காவாத கதை. பனிப்புயலில் குடிசையொன்றில் ஒதுங்கிய முதியவரை வெண்ணிற மகள் ஒருத்தி தன் மூச்சால் கொல்கிறாள். இளைஞன் மினோகிச்சியை மட்டும் இரங்கி விடுகிறாள். கண்டதை எவரிடமும் சொல்லலாகாது என்பது கட்டளை. பின்னாளில் யூகி என்னும் பெண்ணை மணந்து, மக்களைப் பெற்று இனிது வாழ்பவன், ஓரிரவு விளக்கொளியில் தைத்துக் கொண்டிருக்கும் அவளிடமே அதைச் சொல்லிவிடுகிறான். அவளே பனிமகள். மக்களின் பொருட்டு அவனைக் கொல்லாது விட்டுப் பனியில் மறைகிறாள். அவன் அவளுக்காகச் செய்த காலணிகளை வாயிலுக்கு வெளியே பனியில் வைக்கிறான். சிறிது நேரத்தில் அவை மறைந்துபோகின்றன. பேய்ப்படம் ஒன்றில் அச்சம் இவ்வளவு மென்மையாக அன்பிற்குத் திரும்பியதைக் காண்பது அரிது. அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது நீளங்கருதி இக்கதையையே நீக்கினர் என்பது வருந்தத்தக்கது.

ஒரு கிண்ணத் தேநீரில், முடிவுறாத சொல்லின் கதை. எழுத்தாளர் ஒருவர் பழங்கதை ஒன்றை எழுதுகிறார். அதில் காவலன் ஒருவன் தேநீர்க் கிண்ணத்தில் அயலான் முகத்தைக் கண்டு, அதையும் சேர்த்துக் குடித்துவிடுகிறான். அதன்பின் என்ன ஆயிற்று என்பதை மூலக்கதை சொல்வதில்லை. எழுத்தாளர் அதை எவ்வாறு முடிப்பது எனத் தேடித் தாமே நீர்த்தொட்டிக்குள் உருவமாகிப் போகிறார். எழுதியவனை எழுத்து விழுங்கும் அச்சம் இது. ஆயினும் முன்னைய கதைகளின் கனம் இதற்கில்லை. நெஞ்சைத் தொடாது அறிவைத் தொட்டு நின்றுவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே, மணிமகுடம் போல் அமைந்தது மூன்றாம் கதையாகிய ஹோய்ச்சியின் கதை. பாவலர் நிறைந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதும் அதுவே.

ஹோய்ச்சியும் இறந்தோர் அவையும்

1185ஆம் ஆண்டு, ஜப்பானின் ஷிமொனொசெகி நீரிணையில், தான்-நோ-உரா என்னுமிடத்தில் ஹெய்கே குடியும் கெஞ்சி குடியும் இறுதிக் கடற்போர் புரிந்தன. ஹெய்கேயர் தோற்றனர். சிறுவனாகிய பேரரசன் அந்தோகுவை ஏந்திக்கொண்டு அவன் பாட்டி கடலில் பாய்ந்தாள். மகளிரும் மறவரும் அவளைப் பின்பற்றினர். அக்கடலில் வாழும் ஒருவகை நண்டின் ஓட்டில் மனித முகம் போன்ற வரிகள் உண்டு. மாண்ட ஹெய்கே மறவரின் சினந்த முகமே அது என்பது மக்கள் நம்பிக்கை. தோற்றவரின் இக்கதையைப் பல நூற்றாண்டுகள் காத்து வந்தவர்கள் பிவா என்னும் நரம்புக்கருவியை மீட்டிப் பாடிய பார்வையற்ற பாடகர்கள். அவர்கள் பாடியது கேட்போர் இன்பத்திற்காக மட்டுமன்று. அமைதியுறாத உயிர்களை ஆற்றுவதற்காகவும் ஆகும்.

அம்மரபில் வந்த இளைஞன் ஹோய்ச்சி. ஹெய்கேயரின் நினைவிடத்தை ஒட்டிய பௌத்தக் கோயிலில் வாழ்கிறான். ஓரிரவு துறவி இல்லாத வேளையில் ‘ஹோய்ச்சி!’ என ஒரு குரல் அதட்டி அழைக்கிறது. பெருந்தலைவர் ஒருவர் போர்ப்பாட்டைக் கேட்க விரும்புகிறார், உடனே வருக என்கிறது. அவனும் செல்கிறான். பார்வையற்றவனாதலின் அது அரண்மனை என்றே நம்புகிறான். அவன் பாடப்பாட அவையினர் விம்மி அழுகின்றனர். இரவுதோறும் இது நிகழ்கிறது. கோயிற் பணியாளர் பின்தொடர்ந்து சென்று காண்கையில், மழையில் கல்லறைகளுக்கு நடுவே தனியே அமர்ந்து அவன் பாடிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் பேய்த்தீ எரிகிறது.

அவனைக் காக்கத் துறவியும் அவர் மாணாக்கரும் பிரஞ்ஞாபாரமிதையின் இருதய சூத்திரத்தை உடலெங்கும் எழுதுகின்றனர். எழுத்துள்ள உறுப்பு பேயின் கண்ணுக்குப் புலனாகாது. முகம், மார்பு, உள்ளங்கை, உள்ளங்கால் எங்கும் எழுதியவர்கள் செவிகளை மட்டும் மறந்துவிடுகின்றனர். அழைக்க வந்த மறவனுக்கு இருளில் ஒரு பிவாவும் இரண்டு செவிகளுமே தெரிகின்றன. அவன் கூறும் காரணம் உற்று நோக்கத்தக்கது. தலைவரின் கட்டளையை இயன்ற அளவு நிறைவேற்றியதற்குச் சான்றாக இச்செவிகளைக் கொண்டு செல்வேன் என்கிறான். பிய்த்தெடுத்துச் செல்கிறான்.

இப்படத்தின் உயிர்நிலை இவ்விடமே. அந்த மறவன் இறந்து நெடுங்காலம் ஆயிற்று. அவனைக் கொல்ல இனி எவராலும் இயலாது. ஆயினும் வெறுங்கையோடு தலைவன்முன் நிற்க அஞ்சுகிறான். சாவும் அவனைக் கட்டளையிலிருந்து விடுவிக்கவில்லை. காண்போருக்கு அவன் அணங்கு; அவனுக்கோ அச்சம் தன் இறை. தொல்காப்பியம் வரிசையின் இரு முனைகளில் நிறுத்திய இரண்டு அச்சங்களும் ஒரே உருவில் வந்து நின்று ஒரு பாடகனின் செவியைப் பற்றுகின்றன.

இயக்குநரின் வாழ்வு இதற்கு ஒளி தருகிறது. 1916இல் பிறந்த கோபயாஷி, கவிஞரும் கலையறிஞருமான ஐசு யாஇச்சியிடம் பயின்றவர். 1942இல் படைக்கு இழுக்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். போரை உடன்படாதவராதலின் பதவி உயர்வை மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தார். போர் முடிவில் ஒகினாவாவில் கைதியாகவும் இருந்தார். ‘மானிட நிலை’ என்னும் ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட படத்தொகுதியிலும், 1962இல் வந்த ‘ஹராகிரி’ படத்திலும் அவர் வினவியது ஒன்றே: கட்டளை என்பதற்காக மனிதன் எதையெல்லாம் செய்வான்? போர் முடிந்து இருபதாண்டு நிறையாத நாட்டில், இறந்த பின்னும் கட்டளைக்கு அஞ்சும் மறவனைத் திரையில் கண்ட பார்வையாளர், எண்ணூறாண்டுக்கு முந்தைய போரை மட்டும் நினைத்திருப்பார் என்று கருதவியலாது.

பரணியும் பிவாவும்

இறந்தோரும் பேய்களும் போர்ப்பாட்டைக் கேட்கும் காட்சி தமிழருக்குப் பழக்கமானது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் காளியின் அவையில் கூளி ஒன்று போர்ச்செய்தி உரைக்கப் பேய்கள் கேட்டு ஆர்ப்பரிக்கின்றன. ஒப்புமை புறத்தோற்றத்தில் மட்டுமே. பரணி வென்றவன் புகழ். அங்குப் பேய்கள் பசித்தவை. போர் அவற்றுக்கு விருந்து. ஹோய்ச்சியின் அவையில் அமர்ந்திருப்போர் தோற்றவர். தம் சாவையே பாடச்சொல்லிக் கேட்டு அழுபவர். வென்றவனுக்குப் பாடும் புலவர்க்குப் பரிசில் உண்டு. தோற்றவருக்குப் பாடுவோனுக்குக் கிடைப்பது என்ன என்னும் வினாவைப் படம் எழுப்புகிறது.

செவி ஏன் எழுதப்படாது விடப்பட்டது? மறதி என்பது கதையின் விடை. கவிஞர்க்கு அவ்விடை போதாது. எழுத்து கவசம். அதனை உடலெங்கும் அணிந்துகொள்ள முடியும். கற்ற நூல், கொண்ட கொள்கை, பெற்ற பட்டம் யாவும் அவ்வாறு அணியப்படும் எழுத்துகளே. ஆயினும் பாடுவோனுக்கு ஒரு வாயில் திறந்திருந்தே ஆகவேண்டும். பிறர் அழுகை உள்ளே வரும் வழி அது. அதையும் எழுத்தால் மூடியிருந்தால் ஹோய்ச்சி முழுமையாகத் தப்பியிருப்பான். ஆனால் இறந்தோர் அவனை நாடி வந்ததற்கே காரணம் இல்லாது போயிருக்கும். அவனைப் பாடகனாக்கிய உறுப்பே அவனைக் காட்டிக் கொடுத்தது.

செவியிழந்தபின் அவன் புகழ் பரவுகிறது. உயர்குடியினர் தொலைவிலிருந்து பாட்டுக் கேட்க வருகின்றனர், பொருள் குவிகிறது. ஹெர்னின் கதை அச்செல்வத்தோடு முடிகிறது. படத்திலோ, துயருற்ற உயிர்களை ஆற்றுவதற்காக வாழ்நாள் முழுதும் வாசிப்பேன் என ஹோய்ச்சி உரைக்கிறான். முன்னர்க் கட்டளைக்காகப் பாடியவன் இப்போது இரக்கத்தால் பாடுகிறான். முன்னர் அழைத்துச் செல்லப்பட்டான். இப்போது தானே அமர்கிறான். பாட்டு அதுவே, பாடுபொருளும் அதுவே. மாறியது அச்சம் நீங்கிய உள்ளம் ஒன்றே.

குறையும் நிறைவும்

குறைகள் இல்லாமல் இல்லை. முதற்கதையின் இறுதியில் கணவன் முதுமையுறும் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. ஹோய்ச்சி கதையில் பணியாளர் இருவரின் நகைச்சுவை, அடுத்து வரும் துயரத்தோடு முழுதும் ஒட்டவில்லை. நான்காம் கதை முன்னைய மூன்றுக்கும் ஈடாகாது. அழகு சில இடங்களில் மிகுந்து, பார்வையாளரைக் கதையிலிருந்து விலக்கி ஓவியத்தின் முன் நிறுத்திவிடுகிறது. திடுக்கிட வைக்கும் அச்சத்தை நாடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். அவர்கள் கூற்றைப் பிழை என்று தள்ள இயலாது. நாடியது வேறு, கிடைத்தது வேறு.

ஆயினும் கடற்போர்க் காட்சியை மறத்தல் எளிதன்று. தீட்டிய ஓவியமும் நடிகர் நிற்கும் செங்கடலும் மாறிமாறி வர, பிவாவின் நரம்பு அறுந்துவிடுமோ என்னும்படி அதிர்கிறது. அக்கருவியை இசைத்தவர் கின்ஷி சுருதா என்னும் பெண் கலைஞர். செட்சுவின் வாய்மொழியில் தொடங்கி, மிசுகியின் திரைக்கதையாகி, சுருதாவின் விரல்களில் ஒலியான இக்கதையின் வழிநெடுகப் பெண்கள் நிற்கின்றனர் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

பாடுவோர்க்கு அழைப்புகள் வந்துகொண்டேயிருக்கும். இரவில் பெயர் சொல்லி அழைக்கும் குரல் எவருடையது என்பது உடனே தெரிவதில்லை. அரண்மனை என்று நம்பிச் சென்ற இடம் கல்லறையாக இருக்கலாம். கல்லறை என்று ஒதுக்கிய இடத்தில் உண்மையாகவே கேட்க விரும்புவோர் காத்திருக்கலாம். அழைப்புக்கு அஞ்சிப் பாடுவதும், அழுகைக்கு இரங்கிப் பாடுவதும் ஒன்றல்ல என்பதைச் செவியைக் கொடுத்துக் கற்றான் ஹோய்ச்சி. பத்தாண்டுகளாகக் கூடியிருந்து ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வந்த ஓர் அவை, அப்பாடத்தைச் செவியைக் கொடாமலே கற்க இயலும். செவி கொடுத்துக் கேட்டால் போதும்.